கணக்கைக் காட்டாத வரவுசெலவுத் திட்டம்: பிரிட்டன், செப்டம்பர் 2022

2022 செப்டம்பர் 28, புதன்கிழமை. காலை பத்து மணியிருக்கும். எங்கள் வீட்டுக் கடனைப் பார்த்துத் தரும் தரகர் தொலைபேசியில் வந்தார்.

"அண்ணை, திங்கட்கிழமை சொன்ன வட்டி இப்ப இல்லை. அந்தத் திட்டத்தையே வங்கி எடுத்துப்போட்டுது."

"அப்ப எவ்வளவு வரும் தம்பி?"

"பின்னேரம்தான் சொல்லேலும். சொன்னாலும் நாளைக்கு நிக்குமோ தெரியாது."

அந்த வாரம் லண்டனில் எனக்குத் தெரிந்த பல தமிழ் வீடுகளில் இதே உரையாடல் நடந்தது. நிலையான வட்டிக் காலம் முடிந்து கடனைப் புதுப்பிக்க வேண்டியவர்கள் எல்லோரும் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு திரிந்தோம். ஐந்து நாட்களுக்கு முன்பு நிதியமைச்சர் ஆற்றிய ஓர் உரை எங்கள் மாதக் கட்டுப்பணத்துக்குள் எப்படிப் புகுந்தது என்று அன்று எனக்கு விளங்கவில்லை. பிறகு அறிக்கைகளையும் பாராளுமன்றக் குழுக்களுக்கு எழுதப்பட்ட கடிதங்களையும் தேடித் தேடி வாசித்தேன். வாசிக்க வாசிக்க, வரிக்குறைப்பைவிட அந்த உரையுடன் வெளிவராமல் போன ஒரு கணக்குத்தான் என் கண்ணில் பெரிதாகத் தெரிந்தது.

அந்தக் கணக்கைப் போட வேண்டியது வரவுசெலவுப் பொறுப்பு அலுவலகம். இங்கே எல்லோரும் சுருக்கமாக ஓ.பி.ஆர். என்பார்கள். 2010 வரை பிரிட்டனில் பொருளாதாரம் எவ்வளவு வளரும், வரி எவ்வளவு வரும், அரசு எவ்வளவு கடன் வாங்க வேண்டியிருக்கும் என்ற முன்கணிப்புகளை நிதியமைச்சே செய்தது. இறுதி எண்ணில் கைவைக்கும் உரிமை அமைச்சருக்கு இருந்தது. தன் வாக்குறுதிக்கு ஏற்றபடி வளர்ச்சியைக் கொஞ்சம் கூட்டி எழுதும் ஆசை எந்தக் கட்சி அமைச்சருக்கும் வரும். அந்தப் பேனாவை அமைச்சரின் கையிலிருந்து எடுத்து வெளியே வைப்பதற்காக, 2010 மே மாதம் பதவிக்கு வந்த கையோடு நிதியமைச்சர் ஜோர்ஜ் ஒஸ்போர்ன் இந்த அலுவலகத்தைத் தொடங்கினார். 2011இல் அதற்குச் சட்டம் வந்தது. மூவர் கொண்ட குழு அதை நடத்துகிறது. அவர்களை நியமிக்கவும் நீக்கவும் பாராளுமன்றத்தின் நிதிக் குழுவின் சம்மதம் வேண்டும். மொத்தமே ஐம்பது பேர் அளவிலான சிறிய அலுவலகம்.

தேசியக் கணக்காய்வு அலுவலகம் என்று இன்னொன்றும் இருக்கிறது. இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். கணக்காய்வு பணம் செலவான பிறகு வருவது. ஓ.பி.ஆர். செலவுக்கு முன்பே வருவது. பந்தி முடிந்தபின் இலையை எண்ணுபவர் ஒருவர் என்றால், உலையில் அரிசி போடுமுன் விருந்தாளிகளை எண்ணுபவர் மற்றவர். ஒரு கொள்கை நல்லதா கெட்டதா என்று சொல்லும் அதிகாரம் ஓ.பி.ஆருக்கு இல்லை. எதையும் தடுக்கும் அதிகாரமும் இல்லை. இதைச் செய்தால் ஐந்து ஆண்டுகளில் கடன் இவ்வளவு ஆகும் என்று வெளிப்படையாக எழுதி வைப்பதோடு அதன் வேலை முடிந்தது.

லிஸ் ட்ரஸ் 2022 செப்டம்பர் 6 அன்று பிரதமரானார். குவாசி குவார்டெங் நிதியமைச்சரானார். அன்றே, முதல் நாளே, ஓ.பி.ஆர். தன் வரைவு முன்கணிப்பை அவருக்கு அனுப்பியது. புதிய கொள்கைகளையும் சேர்த்துப் புதுப்பித்து, நீங்கள் அறிவிப்பு வெளியிடும் நாளில் கூடவே தருகிறோம் என்றும் சொன்னது. அமைச்சர் கேட்கவில்லை. மாத இறுதியில் ஓ.பி.ஆர். தலைவர் ரிச்சர்ட் ஹியூஸ் எழுதிய கடிதம் மூலம்தான் இது வெளியே தெரிந்தது. அதுவரை அவகாசம் போதவில்லை என்ற விளக்கத்தைப் பலரும் நம்பினோம். சட்டம் கேட்கும் தரத்தில் ஒரு முன்கணிப்பைத் தந்திருக்க முடியும் என்று அந்தக் கடிதம் தெளிவாகச் சொன்னது.

செப்டம்பர் 8 அன்று நிதியமைச்சின் மிக மூத்த அதிகாரி டொம் ஸ்கொலர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். நிதியமைச்சின் பழைய சிந்தனைதான் நாட்டின் வளர்ச்சியைக் கட்டிப்போட்டிருக்கிறது என்பது ட்ரஸ் கட்சித் தலைமைப் போட்டி முழுவதும் சொல்லிவந்த வாதம். அதே நாளில் வீடுகளின் எரிசக்திக் கட்டணத்துக்கு உச்சவரம்பும் அறிவிக்கப்பட்டது. சராசரி வீடு ஆண்டுக்கு 2,500 பவுணுக்கு மேல் கட்டத் தேவையில்லை. இரண்டு குளிர்காலங்களுக்கு மிஞ்சியதை அரசு பார்த்துக்கொள்ளும். வீடுகளுக்கும் தொழில்களுக்குமான உதவிக்கு முதல் ஆறு மாதத்துக்கு மட்டும் 60 பில்லியன் பவுண் செலவாகும் என்று அரசே மதிப்பிட்டது. உக்ரைன் போருக்குப் பிந்தைய அந்த விலைவாசியில் அந்த உதவி தேவையாகவே இருந்தது. அதற்கு நானும் நன்றியுடையவன். ஆனால் எரிவாயு விலை ஏறினால் அரசின் செலவும் கூடவே ஏறும். அந்தச் சுமையின் எல்லை எதுவென்று யாருக்கும் தெரியாத வேளையில்தான் அடுத்த அறிவிப்பு வந்தது.

செப்டம்பர் 23, வெள்ளிக்கிழமை. ஆண்டுக்கு 150,000 பவுணுக்கு மேல் உழைப்பவர்களுக்கான 45 சதவீத வரி ஒழியும். அடிப்படை வரி 20இலிருந்து 19 ஆகும். நிறுவன வரியை 19இலிருந்து 25 சதவீதமாக்கும் திட்டம் கைவிடப்படும். தேசியக் காப்புறுதி உயர்வு திரும்பப் பெறப்படும். வீடு வாங்கும்போது கட்டும் முத்திரை வரியின் தொடக்க எல்லை இரட்டிப்பாகும். 2026-27 வாக்கில் ஆண்டுக்கு 45 பில்லியன் பவுண் வருவாய் குறையும். அரை நூற்றாண்டில் இவ்வளவு பெரிய வரிக்குறைப்பு வந்ததில்லை. 1972இல் அன்றைய நிதியமைச்சர் அந்தனி பார்பர் கொண்டுவந்த வரவுசெலவுத் திட்டத்துடன்தான் இதை ஒப்பிட்டார்கள். இவ்வளவு பெரிய அறிவிப்புக்கு வரவுசெலவுத் திட்டம் என்று பெயரிடாமல் 'வளர்ச்சித் திட்டம்' என்றே பெயர் வைத்தார்கள்; கூடவே ஓ.பி.ஆர். கணக்கு வரவில்லை. ஓ.பி.ஆர். ஆண்டுக்கு இரண்டு முன்கணிப்பு தர வேண்டும் என்று சட்டம் சொன்னது. எந்த நாளில் என்பதை அமைச்சரே தீர்மானிக்கலாம். ஆகவே எந்தச் சட்டமும் மீறப்படவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளாக எல்லா நிதியமைச்சர்களும் காத்துவந்த வழக்கம் ஒன்றுதான் காவலாக இருந்தது. அந்த வழக்கத்தை ஓர் அமைச்சர் பொருட்படுத்தாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை முன்பே யாரும் எழுதி வைக்கவில்லை.

மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம் என்பது நம் ஊர்ப் பேச்சு. சந்தையும் அப்படித்தான் கேட்டது. கணக்கு நன்றாக இருந்தால் ஏன் காட்டவில்லை?

வாரக் கடைசியில் தொலைக்காட்சிப் பேட்டியில் நிதியமைச்சர் இன்னும் வரிக்குறைப்பு வரும் என்ற பொருளில் பேசினார். திங்கட்கிழமை விடியுமுன் ஆசியச் சந்தையில் ஒரு பவுணின் விலை 1.03 டொலர் அளவுக்கு விழுந்தது. வரலாற்றில் அதுவரை கண்டிராத தாழ்வு. அரசின் கடன் பத்திரங்களை வைத்திருந்தவர்கள் விற்கத் தொடங்கினார்கள். பத்திரத்தின் விலை விழுந்தால் அதன் வட்டி வீதம் ஏறும். 30 ஆண்டுப் பத்திரத்தின் வீதம் 3.75 சதவீதத்தின் அண்மையிலிருந்து அடுத்த புதன்கிழமைக்குள் 5 சதவீதத்தைத் தாண்டியது. வழக்கமாக மாதக் கணக்கில் நகரும் எண் அது. செவ்வாய்க்கிழமை சர்வதேச நாணய நிதியம், இந்த வேளையில் இலக்கில்லாத பெரிய நிதிச் சலுகைகளைப் பரிந்துரைக்க மாட்டோம் என்று அறிக்கை விட்டது. இலங்கை போன்ற நாடுகளை நோக்கி அந்த நிதியம் பேசுவதைக் கேட்டு வளர்ந்தவன் நான். லண்டனை நோக்கி அது அப்படிப் பேசியபோது திகைத்துத்தான் போனேன்.

புதன்கிழமை நடந்தது யாரும் எதிர்பாராதது. இங்கே ஓய்வூதிய நிதியங்கள் பல, எல்.டி.ஐ. என்று சொல்லப்படும் ஏற்பாட்டில் பணம் போட்டிருந்தன. முப்பது நாற்பது ஆண்டுகள் கழித்துக் கொடுக்க வேண்டிய ஓய்வூதியத்துக்குப் பொருத்தமாக நீண்டகால அரசுப் பத்திரங்களை வைத்திருப்பது அதன் நோக்கம். வட்டி மிகக் குறைவாக இருந்த ஆண்டுகளில், கைப்பணம் போதாமல், இருக்கும் பத்திரத்தை ஈடு வைத்துக் கடன் வாங்கி மேலும் பத்திரம் வாங்கினார்கள். நகையை அடகு வைத்து, அந்தக் காசில் இன்னொரு நகை வாங்குவது மாதிரி. தங்கத்தின் விலை சரிந்தால் அடகுக்காரர் மேலும் ஈடு கேட்பார். பத்திர விலை சரிந்ததும் நிதியங்களிடம் அப்படிக் கேட்டார்கள். கையில் காசில்லாத நிதியங்கள் பத்திரங்களையே விற்றன. விற்க விற்க விலை இன்னும் சரிந்தது, மேலும் ஈடு கேட்டார்கள். ஒரு நாளில் சராசரியாக 12 பில்லியன் பவுண் அளவுக்குக் கைமாறும் சந்தையில் 50 பில்லியன் பவுண் பத்திரங்கள் ஒரேயடியாக வந்து விழும் நிலை இருந்தது என்று நாட்டின் மத்திய வங்கியான இங்கிலாந்து வங்கி பிறகு பாராளுமன்றத்துக்கு எழுதியது.

அன்று காலை வங்கி தலையிட்டது. நாளொன்றுக்கு 5 பில்லியன் பவுண் வரை, ஒக்டோபர் 14 வரை 13 வேலைநாட்களுக்கு நீண்டகாலப் பத்திரங்களை வாங்குவோம் என்று அறிவித்தது. மொத்தம் 65 பில்லியன் வரை என்றாலும் முடிவில் வாங்கியது 19.3 பில்லியன். வாங்கத் தயாராக ஒருவர் நிற்கிறார் என்ற நம்பிக்கையே பாதி வேலையைச் செய்துவிட்டது. எங்கள் தரகர் தொலைபேசியில் வந்தது இதே காலையில்தான்.

அந்த நாட்களில் வங்கிகள் தங்கள் வீட்டுக் கடன் திட்டங்களில் ஏறத்தாழ 40 சதவீதத்தைச் சந்தையிலிருந்து எடுத்துவிட்டன. நாளைய வட்டி என்னவென்று தெரியாமல் இரண்டு ஆண்டுக்கு நிலையான வட்டி தர எந்த வங்கி முன்வரும்? இரண்டாண்டு நிலையான கடனின் சராசரி வட்டி உரை நிகழ்ந்த நாளில் 4.74 சதவீதம். ஒக்டோபர் 20 அன்று 6.65. இந்த இரண்டு எண்களை ஒரு வீட்டுக்குள் கொண்டுவந்து பார்ப்போம். 200,000 பவுண் கடன், 25 ஆண்டுத் தவணை. முதல் வீதத்தில் மாதம் ஏறத்தாழ 1,140 பவுண். இரண்டாவது வீதத்தில் 1,370. மாதம் 230 பவுண் கூடுதல், ஆண்டுக்கு 2,760. எங்கள் வட்டாரத்தில் அது பிள்ளைகளின் சங்கீத வகுப்பும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியும் ஊருக்கு அனுப்பும் காசும் சேர்ந்த தொகை. எங்கள் வீட்டில் எது நின்றது என்று எழுத மனமில்லை.

வரிக்குறைப்பால் அதிகம் பயன் பெறவிருந்தவர்கள் ஆண்டுக்கு 150,000 பவுணுக்கு மேல் உழைப்பவர்கள். வட்டியைக் கட்டியது நடுத்தரக் குடும்பங்கள். மேற்பார்வை, நிதி ஒழுக்கம் என்றெல்லாம் பேசினால் அது கணக்காளர்களின் சமாச்சாரம் என்று நினைப்பவர்களுக்கு இந்த 230 பவுணைத்தான் காட்டுவேன்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ஒக்டோபர் 3 அன்று 45 சதவீத வரி ஒழிப்பு கைவிடப்பட்டது. 14ஆம் திகதி, வாஷிங்டனில் நாணய நிதியக் கூட்டத்திலிருந்து அவசரமாகத் திரும்பிய குவார்டெங் பதவி நீக்கப்பட்டார். அவர் அமைச்சராக இருந்தது 38 நாட்கள். 17ஆம் திகதி புதிய அமைச்சர் ஜெரமி ஹண்ட் ஏறத்தாழ எல்லா வரிக்குறைப்பையும் திருப்பி எடுத்தார். எரிசக்தி உதவியையும் அடுத்த ஏப்ரல் வரைக்கும் என்று சுருக்கினார். 20ஆம் திகதி ட்ரஸ் விலகுவதாக அறிவித்தார். நவம்பர் 17 அன்று ஹண்டின் அறிக்கை ஓ.பி.ஆர். முன்கணிப்புடன் வந்தது. அது இனிப்பான முன்கணிப்பு அல்ல. மக்களின் மெய்யான வருமானம் இரண்டு ஆண்டுகளில் 7 சதவீதம் சரியும் என்றது. வரி உயர்வும் செலவுக் குறைப்புமாகச் சேர்த்து 55 பில்லியன் பவுண் சுமையை அன்றைய அறிக்கை அறிவித்தது. அப்படியிருந்தும் சந்தை அன்று கலங்கவில்லை. நிலைமை மோசம் என்று நம்பத்தக்க ஒருவர் சொன்னபோது கடன் கொடுப்பவர்கள் அதைத் தாங்கிக்கொண்டார்கள்.

இதுவரை சொன்னதை வைத்து, ஓ.பி.ஆர். அறிக்கை மட்டும் வந்திருந்தால் ஒன்றுமே ஆகியிராது என்று முடிவு கட்டினால் அது தவறு. உலகம் முழுவதும் வட்டி ஏறிக்கொண்டிருந்த ஆண்டு அது. உரைக்கு முந்தின நாள் இங்கிலாந்து வங்கியும் வட்டியை 2.25 சதவீதமாக உயர்த்தி, தன்னிடமிருந்த பத்திரங்களை விற்கப் போவதாக அறிவித்திருந்தது. அந்த நாட்களின் விலைச் சரிவில் பாதிக்குக் குறையாத பங்கு ஓய்வூதிய நிதியங்களின் கட்டாய விற்பனையால் வந்தது என்று வங்கியின் ஆய்வாளர்களே பிறகு கணித்திருக்கிறார்கள். அந்த நிதியங்களைக் கண்காணித்திருக்க வேண்டியவர்கள் வேறு. 2023 ஜூலையில் எந்த நிதியமைச்சரும் எந்தக் கணக்கையும் மறைக்காமலே இரண்டாண்டு வட்டி 6.8 சதவீதத்தைத் தாண்டியது. பணவீக்கம் அடங்காததே காரணம். ட்ரஸ் தரப்பு இவற்றையெல்லாம் எடுத்துச் சொல்வது நியாயமே. என் வாதம் அதைவிடக் குறுகியது. காய்ந்த புல் எங்கும் கிடந்தது. எங்கே கிடக்கிறது, எவ்வளவு காய்ந்திருக்கிறது என்று அளந்து சொல்ல ஓர் அலுவலகம் தயாராக நின்றது. அதை வாசலில் நிறுத்திவிட்டுத் தீக்குச்சியை உரசினார்கள்.

அதே 2022 ஏப்ரல் 12 அன்றுதான் இலங்கை தன் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. அந்த வழியின் தொடக்கத்திலும் ஒரு வரிக்குறைப்பு இருக்கிறது. 2019 இறுதியில் புதிய அரசு பதவிக்கு வந்த சில நாட்களில் பெறுமதி சேர் வரியை 15இலிருந்து 8 சதவீதமாகக் குறைத்தது. வேறு வரிகள் சிலவற்றை ஒழித்தது. வருவாய் எவ்வளவு விழும், அதை எப்படி ஈடுகட்டுவது என்று சொல்லும் சுயாதீனமான அமைப்பு எதுவும் அப்போது கொழும்பில் இல்லை. கணக்காய்வாளர் நாயகம் இருந்தார். ஆனால் அவர் இலை எண்ணுபவர். லண்டனில் பிழை ஐந்து நாளில் தெரிந்து, ஒரு மாதத்துக்குள் திருத்தப்பட்டது. இலங்கையில் இரண்டரை ஆண்டுகள் தெரியாமல், திருத்தப்படாமல் போனது. கோவிட் இடையில் வந்தது என்பதும் மெய். யாழ்ப்பாணத்தில் என் சித்தி எரிவாயு சிலிண்டருக்கு விடியப்புறம் வரிசையில் நின்ற மாதங்களில் நான் அவருக்குப் பணம் அனுப்பினேன். செப்டம்பரில் அவர் அழைத்து, "உங்கட ஊரிலையும் பிரச்சினையாமே தம்பி?" என்று கேட்டார். பாராளுமன்றத்துக்கென ஒரு வரவுசெலவுத்திட்ட அலுவலகத்தை அமைக்கும் சட்டத்தை இலங்கை 2023இல்தான் நிறைவேற்றியது. இந்தியாவில் என்.கே. சிங் தலைமையிலான குழு 2017இல் சுயாதீன நிதி மன்றம் ஒன்றைப் பரிந்துரைத்தது; பதினைந்தாவது நிதி ஆணையமும் அதையே சொன்னது. அது இன்னும் பரிந்துரையாகவே இருக்கிறது.

பிரிட்டனில் ஓட்டையை அடைத்தது 2024 ஜூலையில் பதவிக்கு வந்த தொழிற்கட்சி அரசு. 2024 செப்டம்பரில் வந்த வரவுசெலவுப் பொறுப்புச் சட்டத்தின்படி, நாட்டின் மொத்த உற்பத்தியில் 1 சதவீதத்துக்கு மேல் தாக்கம் உள்ள நிரந்தர வரி அல்லது செலவு முடிவை அறிவித்தால் ஓ.பி.ஆர். மதிப்பீடு வந்தாக வேண்டும். அமைச்சர் கேட்கவில்லை என்றால் அலுவலகம் தானாகவே மதிப்பீட்டைத் தொடங்கி வெளியிடலாம். பெருந்தொற்று போன்ற அவசரத் தற்காலிகச் செலவுகளுக்கு விலக்கு உண்டு. 'வளர்ச்சித் திட்டம்' என்று பெயர் மாற்றிவைத்துத் தப்பும் வழி இனி இல்லை.

சட்டத்தால் அடைபடாத ஓட்டைகளும் உண்டு. எரிபொருள் வரியைப் பாருங்கள். 2011க்குப் பிறகு 2025 முடியும்வரை எந்த அரசும் அதை உயர்த்தியதில்லை; 2022இல் 5 பென்ஸ் குறைத்தும் இருக்கிறார்கள். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் அடுத்த ஆண்டிலிருந்து விலைவாசியோடு உயரும் என்பதுதான் அரசின் எழுத்திலுள்ள கொள்கை. அரசு சொல்லும் கொள்கையை வைத்தே கணக்கிட வேண்டும் என்பது ஓ.பி.ஆருக்கு விதி. ஆகவே யாரும் வசூலிக்கப் போகாத ஒரு வருமானம் ஆண்டுதோறும் நேர்மையான ஓர் அறிக்கைக்குள் ஏறுகிறது. இப்படி நடக்கிறது என்று ஓ.பி.ஆரே திரும்பத் திரும்ப எழுதியும் இருக்கிறது.

இதைவிட என்னை உறுத்துவது இன்னொன்று. 2024 மார்ச் வரவுசெலவுத் திட்டத்துக்கான முன்கணிப்பைத் தயாரித்தபோது, அமைச்சுகளின் செலவு எல்லையை மீறப்போகும் 9.5 பில்லியன் பவுண் அழுத்தங்கள் நிதியமைச்சுக்குத் தெரிந்திருந்தன. ஓ.பி.ஆருக்கு அவை சொல்லப்படவில்லை. அதே ஆண்டு ஒக்டோபரில் அலுவலகம் நடத்திய மறுஆய்வில் இது வெளிவந்தது. 2022இல் கணக்காளரை வெளியே நிறுத்தினார்கள் என்றால், இம்முறை உள்ளே உட்காரவைத்துப் பாதி பற்றுச்சீட்டுகளைத்தான் மேசையில் வைத்தார்கள். இதற்காகச் சந்தை அதிரவில்லை, வீட்டு வட்டி ஏறவில்லை, ஆகவே செய்தியாகவும் நிலைக்கவில்லை. எனக்கு இதுதான் கூடுதல் ஆபத்தாகப் படுகிறது. அலுவலகத்தின் முத்திரை இருக்கும். அதன் கீழுள்ள எண் பாதிதான் உண்மையாக இருக்கும். இனி அமைச்சுகளின் செலவு விவரங்களைத் தானே துருவிக் கேட்கும் நடைமுறைகளை ஓ.பி.ஆர். கொண்டுவந்திருக்கிறது. கேட்பவருக்கு எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்தால்தான் அதுவும் பயன்படும்.

2025 நவம்பர் 26 அன்று, நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் வரவுசெலவுத் திட்ட உரைக்கு எழுந்து நிற்க முக்கால் மணி நேரம் இருக்கும்போதே ஓ.பி.ஆரின் முழு அறிக்கையும் அதன் இணையத் தளத்தில் தவறுதலாகத் திறந்து கிடந்தது. செய்தியாளர்கள் அதை வரி வரியாகப் படித்துச் சொல்ல, உரை தொடங்குமுன்னரே பத்திர விலையும் பவுணும் அசையத் தொடங்கின. டிசம்பர் 1 அன்று ரிச்சர்ட் ஹியூஸ் பொறுப்பேற்றுப் பதவி விலகினார். 2022 செப்டம்பர் 6 அன்று, கேட்கப்படாத அந்த வரைவை அனுப்பி வைத்தவரும் அவர்தான்.